ஈரலுக்குள் நுழையும் குழலுக்குத் தமிழில் பெயரில்லையா?

கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு முதலான ஊர்களில் வாழும் மலைமக்கள் 'மலையாளிகள்' என்றழைக்கப்படுகின்றனர். பெயரைக் கேட்டு மயங்கற்க. சேரநாட்டு மலையாளத்திற்கும் அவர்கட்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மலையை ஆள்வோர் மலையாளிகள், அவ்வளவே. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று போந்து மலையேறினர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அவர்கள் பேசுவது தமிழ். கனவு காண்பது தமிழில். நோயுற்று அரற்றுவதும் தமிழில். 1976-ஆம் ஆண்டு வரை குறுநிலத் தலைவர் மூவரின் பிடியிற் கிடந்த அம்மலைக்குச் சாலையும் பள்ளியும் மருத்துவமும் காலந்தாழ்ந்தே ஏறின. சாமையும் தினையும் விளைத்தும் கடுக்காய் பொறுக்கி விற்றும் வாழ்ந்த அம்மக்களிடம் வேறு செல்வம் இல்லாதபோதும் மொழி முழுமையாக இருந்தது, இன்றும் இருக்கின்றது.

அவர்களுள் ஒருவர்க்கு ஈரல் கெடுகிறது என்று கொள்க. குடியாற் கெடலாம், நச்சுயிரியாற் கெடலாம். கெட்டுச் சுருங்கிக் கல்லாய் இறுகிய ஈரல் ஒருநாள் அவரைக் குருதி கக்கச் செய்கிறது. கச்சிராயபாளையம் வழியாக மலையிறக்கிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவருகின்றனர். சிறுவங்கூரில் 2022 சனவரியில் திறந்துவைக்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்று அங்குண்டு. அதற்கும் மேற்பட்ட பண்டுவம் வேண்டுமெனின் சேலம், விழுப்புரம், புதுவை, வேலூர், சென்னை என்று வழி நீள்கிறது. 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயங் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்ட நாள்களிலும், சேலத்திற்கும் விழுப்புரத்திற்கும் புதுவைக்கும் இவ்வாறே வண்டிகள் ஓடின. அன்று ஓரூரே ஒருங்கு ஓலமிட்டமையால் நாடு திரும்பிப் பார்த்தது. ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல ஈரலைத் தின்னும் குடிக்கு, அரசே கடைவிரித்து விற்கும் குடிக்குந்தான், அத்தகைய ஓலம் எழுவதில்லை.

பெருமருத்துவமனையில் நோயாளியின் மனைவியிடமோ மகனிடமோ ஒரு தாள் நீட்டப்படுகிறது. அதன் பெயர் இசைவுப் படிவம். பல இடங்களில் அது முழுவதும் ஆங்கிலம். தமிழில் அச்சிட்ட படிவங்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், அத்தமிழ்ப் படிவத்தைக் கையிலெடுத்துப் பார்ப்பார் ஒரு விந்தையைக் காண்பர். இன்ன நோய் உள்ளதெனவும், இன்ன மருத்துவம் செய்யப்படுமெனவும், இவை தாய்மொழியில் விளக்கப்பட்டன எனவும் அச்சு தமிழில் இருக்கும். நோயின் பெயர்க்கும் மருத்துவத்தின் பெயர்க்கும் கோடிட்டு விடப்பட்ட இரண்டு இடங்களில் ஆங்கிலம் கையால் எழுதப்பட்டிருக்கும். நோயின் பெயரும் ஆங்கிலம். செய்யப்போவதன் பெயரும் ஆங்கிலம். இரண்டும் விளக்கப்பட்டன என்னும் பொய் மட்டும் தமிழ்! அதன் கீழே கரியாலூர்ப் பெண்ணொருத்தி பெருவிரல் உருட்டுகிறாள்.

அவ்வாங்கிலப் பெயர்க்குள் ஒளிந்துகிடப்பது யாது? பெரும்பாலும் ஒரு குழல். மெல்லிய, வளையக்கூடிய, உள்ளே புழையுடைய குழல். தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ ஓடும் குருதிக்குழாயில் ஊசியைக் குத்துவர். ஊசியின் புழை வழியே நுண்கம்பி ஒன்றை உள்ளே விடுவர். ஊசியை உருவிவிட்டுக் கம்பியின்மேல் குழலைக் கோத்து வழுக்கிச் செலுத்துவர். பிறகு கம்பியையும் உருவிக்கொள்ளலாம். இம்முறையைச் சுவீடன் நாட்டு மருத்துவர் செல்திங்கர் 1953-இல் வெளியிட்டார். அதற்குமுன் குருதிக்குழாயை அறுத்துத் திறந்தோ பருத்த ஊசியைச் செருகியோ செய்ததை, ஒரு நுண்கம்பியின் துணையால் அவர் எளிதாக்கிவிட்டார். ஊடுகதிர்த் திரையைப் பார்த்துக்கொண்டே குழலை வயிற்றின் பெருங்குருதிக்குழாய்க்கு ஏற்றி, ஈரலுக்கும் இரைப்பைக்கும் மண்ணீரலுக்கும் குடலுக்கும் பிரியும் கிளைகளுள் வேண்டிய கிளையில் நுழைப்பர். அயோடின் கலந்த நீர்மத்தைக் குழல்வழிச் செலுத்தினால், குருதி எங்கே கசிகிறதோ அங்கே அது திரையில் கருமையாகச் சிந்தித் தெரியும். குழலின் பருமன் ஒன்றரை மில்லிமீட்டர்க்குச் சற்று மிகுதி; அதனுள்ளே செல்லும் நுண்குழலோ ஒரு மில்லிமீட்டரினுங் குறைவு.

இதில் எந்தச் செயலுக்குத் தமிழில் வினைச்சொல் இல்லை? குத்துதல், கோத்தல், நுழைத்தல், உருவுதல், அடைத்தல், வடித்தல். அத்தனையும் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு கோப்பவனும் பாய் முடைபவளும் நாடோறும் ஆளும் சொற்கள்.

'கத்தீட்டர்' என்பதற்குத் தமிழில் ஈடில்லை என்று கூறும் கற்றோர், அச்சொல்லின் பிறப்பையேனும் அறிந்திருத்தல் வேண்டும். கீழே இறக்குதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையினின்று பிறந்தது அது. 'இறக்கி' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. குருதிக்குழாயை அடைக்கும் முறைக்கு ஆங்கிலர் வழங்கும் பெயரில் உள்ளதும் ஆப்பு, அடைப்பு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே. குழாய் சுருங்காமல் உள்ளிருந்து தாங்கும் வலைக்குழலுக்கு அவர்கள் சூட்டிய 'இசுடென்ட்' என்னும் பெயரோ, பல்லச்சு எடுக்கும் மெழுகொன்றை ஆக்கிய இலண்டன் பல்மருத்துவர் ஒருவரின் குடிப்பெயர். கிரேக்கன் தன் வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்தான். ஆங்கிலன் பல்மருத்துவன் பெயரைக்கூட எடுத்தான். குழி, குழல், குழாய், குழை என்று ஒருவேரிற் கிளைத்த சொற்குடும்பமே கையிலிருக்கத் தமிழன் மட்டும் வாய்பொத்தி நிற்கவேண்டுமாம்!

தமிழில் வைத்துச் சொன்னால் ஆங்கிலத்தில் இல்லாத தெளிவும் கிட்டுகிறது. உள்ளே மருந்து செலுத்தப் புகும் குழலும், உடலினுள் தேங்கியதை வெளியே வடிக்கும் குழலும் ஆங்கிலத்தில் ஒரே பெயரால் வழங்கும். தமிழில் முன்னது நுழைகுழல், பின்னது வடிகுழல். பெயரைக் கேட்ட அளவிலேயே பணி விளங்குகிறது. முன்செல்லுங் கம்பி வழிக்கம்பி. உள்ளிருந்து தாங்குவது தாங்குகுழல்.

எஞ்சிய சொற்களை ஏரிக்கரையிற் கேட்டுப் பெறலாம். கோமுகி அணைநீர் பாயும் ஊர்களில் உள்ள உழவர் எவர்க்கும் மடை தெரியும், மதகு தெரியும், வடிகால் தெரியும், ஏரி நிறைந்தால் மிகைநீர் வழியும் கலிங்கு தெரியும். அதனைக் கலங்கல் என்றும் வழங்குவர். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் குருதியெல்லாம் ஒரு பெருங்காலாகத் திரண்டு ஈரலுக்குள் பாய்கிறது. ஈரல் இறுகிவிட்டால் அக்கால் அடைபட்ட மதகின் முன்னர்த் தேங்கிய நீராகிறது. தேங்கிய குருதி பின்னோக்கி எதிர்த்து, உணவுக்குழாயின் அடியிலும் இரைப்பையின் மேற்புறத்திலும் உள்ள மெல்லிய குழாய்களைப் புடைக்கச் செய்கிறது. கரை எங்கே மெலிந்ததோ அங்கே உடைப்பெடுக்கிறது. நோயாளி குருதி கக்குகிறார். உடைப்பை முதலில் வாய்வழியே உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி, புடைத்த குழாய்களைச் சிறு வளையங்களால் இறுக்கிக் கட்டி நிறுத்த முயல்வர். அதுவும் நில்லாவிடின் கழுத்துக் குருதிக்குழாய் வழியே குழலை இறக்கி, ஈரலை ஊடுருவி, தேங்கிய காலுக்கும் நெஞ்சாங்குலைக்குச் செல்லும் காலுக்கும் இடையே ஒரு கலிங்கு வெட்டி, அது தூராதபடி தாங்குகுழல் ஒன்றைப் பொருத்துவர். இவ்வெண்ணத்தை 1969-இல் நாய்களிடம் ஆய்ந்து காட்டியவர் செக்கு நாட்டிற் பிறந்து அமெரிக்கா சென்ற யோசபு உரோசு. 1988-இல் செருமனியின் பிரைபர்க்கு நகரில் தாங்குகுழலுடன் மாந்தர்க்குச் செய்யப்பட்டது.

இரைப்பைப் புண்ணினின்று குருதி பீறிட்டு நில்லாதபோது செய்வது இதனினும் எளிய செய்தி. கசியும் கிளையை நுழைகுழலால் தேடிப் பிடித்து மடையை அடைப்பர். உரோசும் அவருடைய துணைவரும் 1972-இல் இம்முறையை வெளியிட்டபோது, அடைப்பதற்குப் பயன்படுத்தியது நோயாளியின் உறைந்த குருதியையே. இன்று ஊன்பசைப் பஞ்சும் நுண்மணிகளும் வெண்பொற் சுருள்களும் உள்ளன. ஈரற் புற்றுக்கும் ஒரு மடையடைப்பு உண்டு. ஈரலுக்கு இரண்டு கால்களிற் குருதி வருகிறது. முக்காற்பங்கு குடலிலிருந்து வரும் கால். காற்பங்கு நெஞ்சாங்குலையிலிருந்து வரும் கால். நல்ல ஈரல் பெரிதும் முன்னதால் வாழ, புற்றுக்கட்டி பெரிதும் பின்னதை உறிஞ்சிக் கொழுக்கிறது. பயிருக்கு ஒரு கால், களைக்கு ஒரு கால் என்றிருந்தால் உழவன் எதனை அடைப்பான்? யப்பானிய மருத்துவர் 1970-களின் பிற்பகுதியில் அதனைத்தான் செய்தனர். களையின் காலில் மருந்தை ஊற்றி மடையை அடைத்தனர்.

இவ்வளவையும் கரியாலூர்ப் பெண்ணுக்குச் சொல்லக் கால் மணிநேரம் போதும். சொல்லாமல் விட்டால் விளைவது என்ன என்பதை இனிக் காண்க.

ஈரலில் கலிங்கு வெட்டிய பின்னர்க் குடலின் நச்சுப்பொருள்கள் சில ஈரலிற் சலிக்கப்படாமல் நேரே மூளைக்குச் செல்லக்கூடும். அதனால் நோயாளர் சிலர்க்கு அறிவு தடுமாறும். பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பர், கைகள் பறவைச் சிறகுபோல் படபடக்கும், பேச்சுக் குழறும், ஆளறியார். நாடோறும் இரண்டு மூன்று முறை வயிறு கழியும்படி மருந்து கொடுத்துவந்தால் இதனைப் பெரிதும் தடுக்கலாம். மீறி வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவருதல் வேண்டும். இதனை ஆங்கிலத்தில் எழுதிய வெளிச்செல் குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மலையேறியவள் என் செய்வாள்? கணவன் உளறுகிறான். மீண்டும் குடித்துவிட்டான் என்று அடித்துத் திட்டுவாள். இல்லையேல் பேயறைந்தது என்று பூசாரியை அழைப்பாள். கழிச்சல் கொடுக்கிறதென்று அந்த மருந்தையும் நிறுத்திவிடுவாள். பழி அவளுடைய அறியாமைமேற் போடப்படும்.

வடிகுழலின் கதையும் இதுவே. கல்லாலோ கட்டியாலோ பித்தநீர்க் குழாய் அடைபட்டு மேனி மஞ்சளித்தவர்க்கு வலப்பக்க விலாவிடையே துளைத்து ஈரலுக்குள் வடிகுழலை வைத்து அனுப்புவதுண்டு. குழல் உடலில் இருக்கும், பை இடுப்பில் தொங்கும், இரண்டுமாக மலையேறும். அதனை இழுத்துவிடக்கூடாது, சொல்லிக்கொடுத்தபடி தூய உப்புநீரால் அலசவேண்டும், வடிவது திடுமென நின்றாலோ குருதியாக மாறினாலோ நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டாலோ அன்றே இறங்கி வரவேண்டும், இரண்டு மூன்று திங்களுக்கொரு முறை குழலை மாற்றவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் உள்ளே சீழ் கட்டி உயிர் போகும். உயிரைக் காக்கும் நான்கு தொடர்களுக்கு அம்மலையில் இடமில்லையெனின் குழலை மட்டும் ஏன் அனுப்பவேண்டும்?

மருத்துவர் அனைவரையும் ஒருங்கே பழித்தல் முறையன்று. நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து நல்ல தமிழில் பேசும் மருத்துவரும் உளர். செவிலியரும் துப்புரவுப் பணியாளருமே பல விடங்களில் நோயாளிக்கு உண்மையான மொழிபெயர்ப்பாளர். குற்றம் எழுத்தில் இருக்கிறது. பேச்சிற் சொன்னது அன்றோடு போம். தாளில் உள்ளது வீட்டிற்கு வரும். வீட்டிற்கு வரும் அத்தாளிலேதான் தமிழ் இல்லை.

குழல் மருத்துவத்தின் வரலாற்றிலேயே இதற்கொரு பாடம் உண்டு. 1964 சனவரியில் அமெரிக்காவின் போர்த்துலாந்தில், கால் அழுகத் தொடங்கிய 82 அகவை மூதாட்டி ஒருவரிடம் காலை வெட்டவேண்டும் என்று மருத்துவர் தெரிவித்தனர். அவர்க்கு அது விளங்கியது. விளங்கியமையால், வெட்டவிடேன் என்று மறுத்தார். அம்மறுப்பினால் வேறுவழி தேடிய சார்லசு தாட்டர், சுருங்கிய குருதிக்குழாயைக் குழலாலேயே விரித்துக் காலைக் காத்தார். அறுவையின்றிக் குழலாற் குணப்படுத்தும் இம்மருத்துவத்துறை அன்று பிறந்தது. தன் மொழியிற் கேட்டு, தன் மொழியில் மறுத்த ஒரு கிழவியின் சொல்லுக்கு அத்துறை கடன்பட்டுள்ளது. கல்வராயன் மலைக் கிழவிக்கு மறுக்கும் உரிமை எங்கே? விளங்காத ஒன்றை எவரும் மறுக்கவும் இயலாது, ஏற்கவும் இயலாது. பெருவிரலை உருட்டத்தான் இயலும்.

உலக அறிவோடு ஒட்டியிருக்க ஆங்கிலம் வேண்டுமென்று கூறுவர். மருத்துவர் ஆங்கிலம் படிப்பதை எவரும் தடுக்கவில்லை. செருமன் மொழியும் படிக்கட்டும். ஈரற் புற்றின் மடையடைப்பை வளர்த்த யப்பானியர் தம் மாணவர்க்கு யப்பானிய மொழியிலேயே கற்பிக்கின்றனர். அவர்களும் குழலுக்கு 'கத்தேத்தெரு' என்று இரவற் சொல்லைத்தானே ஆள்கின்றனர் என்று ஒருவர் மடக்கலாம். உண்மை. இரவல் வாங்கியது ஒரு சொல். பாடமும் படிவமும் விளக்கமும் அவர்களுடைய மொழியில். சீனரோ அவ்விரவலும் வேண்டாவென்று 'வழிநடத்துங் குழாய்' எனப் பொருள்படும் தம் சொல்லையே ஆள்கின்றனர். மக்கள் 'டியூப்' என்றுதானே கேட்கின்றனர் என்பது இன்னொரு வாதம். மருத்துவமனையிற் கேட்டதை மக்கள் திருப்பிச் சொல்கின்றனர். குழாய் என்று கேட்டால் குழாய் என்பர். குழாயடியில் நின்று நீர் பிடிப்பவர்க்கு அச்சொல் புதிதன்று.

தமிழெழுத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதிவிட்டு மொழிபெயர்த்துவிட்டதாக மார்தட்டுவதும் கூடாது. 2022 அக்குதோபரில் போபாலில் பெருவிழா எடுத்து வெளியிட்ட இந்தி மருத்துவப் பொத்தகங்களில், ஆங்கிலக் கலைச்சொற்கள் நாகரி உடுத்து நின்றதை நாடறியும். அவ்வழி தமிழுக்கு வேண்டா.

தமிழில் இயலாது என்பார்க்கு விடை 150 ஆண்டுகட்கு முன்னரே கிடைத்துவிட்டது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன், தமிழ் கற்று, 1860-களில் மருத்துவப் பாடத்தையே தமிழிற் கற்பித்தார். அறுவை மருத்துவ நூலை 1867-இலும், உடற்கூற்று நூலை 1872-இலும் தமிழில் வெளியிட்டார். அவர் நூல்களின் பெயர்களிலும் சொற்களிலும் வடமொழி மலிந்திருந்தது என்பது குறையே. அது அவர்க்குத் தமிழ் கற்பித்தாரின் குறை. கடல்கடந்து வந்தவர் முயன்றார். இம்மண்ணில் வேர்கொண்டவர் முடியாது என்கின்றனர். அவருடைய கல்லறைக் கல்லிலும் தமிழர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. கல்வராயன் மலைக்கு அணித்தாயுள்ள சேலத்திலேயே 1916-இல் அறிவியற் சொற்களை ஆக்கச் சங்கமொன்று தோன்றியது. 'தமிழ் சாத்திரப் பரிபாசைச் சங்கம்' என்னும் அதன் பெயரில் தமிழென்பது முதற்சொல் மட்டுமே! ஆயினும் முயற்சி முயற்சியே. 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. அவற்றையெல்லாம் பரணில் வைத்துவிட்டுச் சொல்லில்லை என்று கைவிரிப்பது, நெற்குதிரைப் பூட்டிவிட்டுப் பட்டினி என்பதனை ஒக்கும்.

சட்டமும் இதற்குத் தடையன்று. சமீரா கோலி வழக்கில் 2008-இல் இந்தியத் தலைமை முறைமன்றம், செய்யப்போகும் மருத்துவம் எத்தகையது, அதன் இடர்கள் யாவை, மாற்றுவழி உண்டா, செய்யாவிடின் என்னாகும் என்பவற்றைப் போதிய அளவு தெரிவித்துப் பெற்ற இசைவே இசைவு என்றது. புது மருந்தை மாந்தரிடம் ஆய்வதற்கான 2019-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையோ, ஆய்வுக்குட்படுவார்க்கு விளங்கும் மொழியில் எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்றே கட்டளையிடுகிறது. ஒருவர்மேல் மருந்தை ஆய்ந்து பார்ப்பதற்கு அவர்மொழி வேண்டும். அவரையே பிழைக்கவைப்பதற்கு வேண்டாவா?

எனவே, கள்ளக்குறிச்சி மருத்துவமனையிலும், அங்கிருந்து நோயாளர் செல்லும் ஒவ்வொரு பெருமருத்துவமனையிலும், குழல் மருத்துவம் ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே பெயரும் விளக்கமும் கொண்ட படிவமும், வீட்டிற்குக் கொடுத்தனுப்பும் குறிப்பும் அச்சிடப்படல் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதார்க்கு அதனைப் படித்துக்காட்டியவர் தம் பெயரையும் அதிலெழுதிக் கையொப்பமிடல் வேண்டும். நலவாழ்வுத் துறைக்கும் மருத்துவப் பல்கலைக்கழகத்திற்கும் இதனை விடுக்க விழையும் அன்பர்கள், எடுத்துக்காட்டாகக் கீழுள்ள வாசகத்தையே இணைத்து எழுதலாம்:

"இவர்க்கு இரைப்பைக் குருதிக்குழாய் ஒன்றில் கசிவு உள்ளது. தொடையிடுக்கில் ஊசியாற் குத்தி, மெல்லிய நுழைகுழலை உள்ளே செலுத்தி, கசியும் இடத்தை அடைப்போம். வயிற்றை அறுக்கமாட்டோம். குத்திய இடத்தில் குருதி கட்டலாம். ஊடுகதிரில் தெரிவதற்காகச் செலுத்தும் நீர்மம் சிலர்க்குச் சிறுநீரகத்தைத் தாக்கலாம். அரிதாகக் குடலின் ஒரு பகுதிக்குக் குருதி செல்லாமற் போகலாம். செய்யாவிடின் கசிவு நில்லாமல் உயிர்க்கு ஏதம் வரலாம். வேறு வழி அறுவை. செய்து முடித்தபின் சொல்லும்வரை காலை மடக்கக்கூடாது. உங்கட்கு விளங்காததைக் கேளுங்கள். வேண்டாமென்று சொல்லவும் உங்கட்கு உரிமை உண்டு."